கள்ளுக்கடைப் பணமும் கூப்பன் பணமும்

எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் தின்பதையும் குடிப்பதையும் விற்று நல்ல காரியத்துக்குப் பணம் சேர்த்த முதல் கடை கள்ளுக்கடைதான். இப்படிச் சொன்னால் ரந்தாவில் இன்றைக்கும் சிலருக்குக் கோபம் வரும். பள்ளிக்கூடத்துக்காக நாசி லெமாக் விற்ற கதையைச் சொல்ல வந்தவள் கள்ளில் போய் ஏன் தொடங்குகிறாய் என்பார்கள். எனக்கு வேறு வழி இல்லை. தோட்டப் பள்ளி ஒன்றின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் பல வருஷம் பொருளாளராக இருந்தவள் நான். எந்தக் கதையைக் கேட்டாலும், காசு யார் மடியிலிருந்து புறப்பட்டு யார் பெட்டிக்குப் போனது என்றுதான் முதலில் பார்ப்பேன்.

ரந்தாவ், மலேசியாவில் சிரம்பானுக்குத் தெற்கே லிங்கி ஆற்றுப் பக்கம் இருக்கும் சிறு பட்டணம். ஒரே தெருவில் சீனர் கடைகள், தபால் நிலையம், போலீஸ் நிலையம். அதைச் சுற்றிலும் தோட்டங்கள். லின்சம் தோட்டம் அவற்றில் மூத்தது. 1880-களில் சிலோனிலிருந்து வந்த டி. எச். ஹில் என்ற துரை அங்கே காப்பி போட்டார். காப்பி விலை சரிந்ததும் கித்தா என்ற ரப்பர் வந்தது. கித்தாவுக்குப் பிறகு செம்பனை வந்தது. காப்பியோ கித்தாவோ செம்பனையோ, வேலை செய்தவர்கள் திருச்சி, தஞ்சாவூர், சேலம், வட ஆர்க்காடு பக்கத்திலிருந்து வந்த நம் ஆட்கள். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நின்றது. கங்காணி மூலம் ஆள் கொண்டுவருவது 1938 வரை நீடித்தது. அந்த வருஷம் இந்திய அரசாங்கம் தடை போட்டது.

1928-இல் பல தோட்டங்களுக்கு அரசாங்கம் வைத்த சம்பளம் ஆணுக்கு நாளுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அந்த 50 காசிலிருந்துதான் கள்ளுக்கும் போனது. தோட்டத்திலேயே கள்ளுக்கடை வைத்துக்கொள்ள நிர்வாகத்துக்கு லைசென்ஸ் உண்டு. திருட்டுத்தனமாகக் காய்ச்சும் சம்சுவைக் குடித்துச் சாவதைவிடக் கண்ணெதிரே கள்ளைக் குடிக்கட்டும் என்று நியாயம் சொன்னார்கள். சாயங்காலம் கடைக்குப் போனவன் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு வந்துவிடுவான் என்பது அவர்கள் வெளியே சொல்லாத நியாயம். கடையின் லாபத்தைக் கம்பெனி கணக்கில் சேர்க்கக் கூடாது, தொழிலாளர் நலனுக்குத்தான் செலவிட வேண்டும் என்று விதி இருந்தது. அப்படிச் சேர்ந்த பணத்திலிருந்து கோயில் திருவிழாவுக்குக் கொடுத்தார்கள், காற்பந்து வாங்கினார்கள், கூத்துக்கும் பிறகு திரைப்படத்துக்கும் செலவு செய்தார்கள். திருவிழா மேடையில் நிர்வாகத்துக்கு மாலை போட்டு நன்றி சொல்வார்கள்.

இதைப் பற்றி எங்கள் அப்பாயி ஒரே வார்த்தையில் சொல்லும்: "ஒங்க தாத்தன் குடிச்ச காசுலதான்டி மாரியாத்தாளுக்குப் பட்டு வந்துச்சு. மாலை மட்டும் தொரைக்கு."

நலத்திட்டம் என்று ஆவணத்தில் எழுதிய பணம் குடிகாரன் பெண்டாட்டியின் சமையல் பணம். அது அடுப்படிக்குப் போகாமல் கடைக்குப் போய், கடையிலிருந்து ஆபீசுக்குப் போய், அங்கிருந்து கொடையாகத் திரும்பி வந்தது. திரும்பி வந்தபோது அதற்குப் புது முதலாளி இருந்தார். தோட்டத்து நன்கொடை வரலாறு முழுக்க இந்தச் சுற்று நடந்திருக்கிறது என்பது என் எண்ணம். சில காலம் அது நமக்குத் தெரியாமல் நடந்தது, சில காலம் தெரிந்தே நடந்தது.

தெரிந்துகொண்டவர்கள் சும்மா இருக்கவில்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. ஆர். எச். நாதன் முன்னின்று நடத்திய அந்தப் போராட்டத்தில் சம்பள உயர்வு கேட்டவர்கள் கள்ளுக்கடையை மூடு என்றும் கேட்டார்கள். துப்பாக்கி பேசித்தான் அது அடங்கியது. போர் முடிந்தபின் கெடாவில் ஏ. எம். சாமியின் தொண்டர் படை கள்ளுக்கடை முன்னால் மறியல் செய்தது. 1947-இல் பீடோங் பக்கம் நடந்த மோதலில் உயிர்ச்சேதமும் உண்டு. குடித்தே கோயில் கட்டிய ஒரு சமூகம் குடிக்காமல் கட்டிக்கொள்கிறோம் என்று சொன்னதற்குக் கொடுத்த விலை இது. நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தருவார் இல்லை.

கோயில் கணக்குக்கு இன்னொரு வாசலும் இருந்தது. சம்பளத்தன்று சம்பளப் பட்டியலான செக்ரோலில் கோயில் சந்தாவைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைக் கையில் கொடுப்பார்கள். திருவிழாவில் போடும் அன்னதானச் சாப்பாடு அந்தச் சந்தாவில் வெந்தது. அன்னதானத்தில் காசு முன்னாலேயே போய்விடும், சோறு பின்னால் வரும். யார் எவ்வளவு தின்றார்கள் என்று யாரும் எண்ணுவதில்லை. சோற்றுக்கு விலை வைத்து, அந்த விலையைத் தருமமாக்கும் பழக்கம் பிறகுதான் எங்கள் தோட்டங்களுக்கு வந்தது. "சோத்த விக்கிறதா?" என்று கிழவிகள் முகம் சுளித்ததை நானே பார்த்திருக்கிறேன்.

தமிழ்நாட்டு ஊரில் அதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களில் பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி ஆவணியில் மொய் விருந்து வைப்பார்கள். பந்தல் போட்டு, கிடாய் வெட்டி, பந்தியில் உட்கார்ந்தவன் கை கழுவியதும் நோட்டுப் புத்தகத்துக்கு முன்னால் போய் மொய் எழுதுவான். வாங்கியவன் மற்றவன் விருந்தில் கொஞ்சம் கூட வைத்துத் திருப்பிச் செய்ய வேண்டும். கிணறு வெட்டவும் கடை வைக்கவும் மகளைக் கட்டிக்கொடுக்கவும் முதல் திரட்டுகிற ஏற்பாடு அது. தருமம் என்று அதைச் சொல்ல முடியாது, வட்டியில்லாக் கடன் என்பதே பொருந்தும். கேரளத்தில் வடகரைப் பக்கம் பணப்பயற்று என்று இதற்கு ஒரு தம்பி உண்டு. அங்கே கறிச்சோறு கிடையாது, தேநீரும் பலகாரமும்தான். மலாயாவுக்குக் கப்பல் ஏறியவர்கள் மொய் நோட்டையும் கூடவே கொண்டுவந்தார்கள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கல்யாண மொய் எழுதின பழைய நோட்டுகள் அரிசி டின்னுக்குள் இருக்கும்; கரையான் வராது.

போர்க்காலத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். தின்பதற்கே மரவள்ளிக்கிழங்கு என்றிருந்த நாளில் விருந்து ஏது? ஆனால் கொடுப்பது நிற்கவில்லை. 1943-இல் சுபாஷ் சந்திர போஸ் வந்தபின் கூட்டத்துக்குக் கூட்டம் அவர் கழுத்தில் விழுந்த மாலையை ஏலம் விட்டார்கள். தோட்டத்துப் பெண்கள் தோட்டைக் கழற்றிக் கொடுத்தார்கள். சிரம்பானில் இந்திய தேசிய ராணுவத்தின் பயிற்சி முகாம் இருந்தது. 1945 ஆகஸ்ட்டில் ஜப்பான் சரணடையப் போகிற செய்தி போஸுக்கு எட்டியதும் சிரம்பானில் வைத்துத்தான். அப்பாயியின் மூக்குத்தி அந்தக் கணக்கில் போனது. ரசீது கிடையாது.

அடுத்து 1948-இல் அவசரகாலம். கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று அரிசிக்குப் பங்கீடு வைத்தார்கள். கடையில் டின்பால் வாங்கினால் அங்கேயே ஓட்டை போட்டுத்தான் கையில் கொடுப்பார்கள், பதுக்க முடியாதபடி. ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் சோற்றுப் பொட்டலம் கொண்டுபோகக் கூடாது. கேட்டில் தடவிப் பார்ப்பார்கள். நெகிரி செம்பிலானில் இந்தக் கெடுபிடி அதிகம். கூட்டமாகச் சமைப்பதே சந்தேகத்துக்கு இடமான காலத்தில் தருமத்துக்குக் கடை போடலாம் என்று யாருக்குத் தோன்றும்?

ஆகவே 1950-களில் வந்த பெரிய நிதிகளில் சோறே கிடையாது. மலாயாப் பல்கலைக்கழகத்து இந்தியப் பகுதியில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி தொடங்கினார். பால்வெட்டுத் தொழிலாளர்கள் ஆளுக்கு ஒரு வெள்ளி, அதாவது ஒரு டாலர், என்று கொடுத்தார்கள். 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த நேரம் அது. தொழிலாளியின் வெள்ளியைச் சேர்த்துத் தோட்டத்தையே வாங்கலாம் என்றார். மறு வருஷமே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கியும் காட்டினார். பெரிய காரியத்துக்கு நம் ஆட்கள் ரொக்கமாகவே கொடுத்துவிட்டார்கள். சோறு விற்கும் நிலை வந்தது சின்னக் காரியங்களுக்குத்தான்: ஒழுகுகிற கூரை, உடைந்த நாற்காலி, கழிவறைக் கதவு.

அந்தச் சின்னக் காரியங்கள் ஏன் நம் தலையில் விழுந்தன என்று சொல்லிவிடுகிறேன். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டமே பள்ளி வைக்க வேண்டும் என்றது. பல தோட்டங்களில் ஆயாக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை போட்டு அதையே பள்ளி என்றார்கள். விடுதலைக்குப் பிறகு ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கம் ஏற்றது. நிலம் தோட்டத்துடையது என்பதால் பள்ளி 'பகுதி உதவி பெறும் பள்ளி' ஆனது. கட்டடத்தைப் பள்ளி வாரியம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். வாரியம் என்றால் யார்? ஒரு கிராணி (எழுத்தர்), ஒரு தண்டல் (மேஸ்திரி), கோயில் தலைவர், பட்டணத்தில் கடை வைத்திருக்கும் ஒருவர். இவர்கள் கையில் காசு ஏது? 1957-இல் நாடு முழுக்க 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 520-க்குச் சற்று மேல். மூடிய பள்ளிகளின் கதையில் கூரைக் கணக்கும் உண்டு.

அப்படி வந்ததுதான் கேண்டீன் தினம். பட்டணத்து ஆங்கிலப் பள்ளிகளிலும் கான்வென்ட்டுகளிலும் நடந்ததைப் பார்த்து ஆசிரியர்கள் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். நான் நன்றாக அறிந்தவை 1980-களில் நடந்தவை.

ஒரு மாதம் முன்னால் கூப்பன் அச்சாகும். ரோஜா நிறத் தாளில் ஸ்டென்சில் போட்டு உருட்டி, பள்ளி முத்திரை குத்தி, நம்பரைப் பேனாவால் எழுதுவோம். ஒரு புத்தகம் பத்து வெள்ளி. உள்ளே ஒரு வெள்ளி, ஐம்பது காசு என்று துண்டுகள். ஒவ்வொரு பிள்ளையும் இரண்டு புத்தகம் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அப்பா ஒன்று வாங்குவார், இன்னொன்றைத் தூக்கிக்கொண்டு அவரே லயம் லயமாகப் போவார். விற்றுவந்த பணத்தை வகுப்பாசிரியரிடம் கொடுத்தால் அவர் என்னிடம் கொடுப்பார். சாப்பாடு வேகும் முன்பே காசு வந்துவிடும். இந்த ஏற்பாட்டின் சூட்சுமம் அதுதான். மழை பெய்தாலும், வடை கருகினாலும், பாதிப் பேர் வராமல் போனாலும் பள்ளிக்கு நஷ்டமில்லை. செலவாகாத கூப்பன் முழுக்க லாபம். வரவு எழுதும்போது அந்த வரியைப் பார்க்க எனக்கு ஒரு சந்தோஷம்.

சனிக்கிழமை காலை நான்கு மணிக்கே அடுப்பு பற்றவைத்தால்தான் எட்டுக்குக் கடை திறக்க முடியும். வகுப்புக்கு ஒரு கடை. ஒன்றாம் வகுப்புத் தாய்மார் நாசி லெமாக், இரண்டாம் வகுப்பு மீ கோரேங், மூன்றாம் வகுப்பு வடை, அடுத்தவர்கள் இடியாப்பம், தோசை, கறி பப். பண்டுங் தண்ணீரை ஆண்கள் கலக்குவார்கள்; அதில் கெடுக்க ஒன்றுமில்லை என்று அவர்களிடம் விட்டிருந்தோம். ஐஸ் கட்டி சாக்கில் சுற்றி மரத்தூளோடு பட்டணத்திலிருந்து தோட்ட லாரியில் வரும். ரந்தாவ் சீனக் கடைத் தவுக்கே ஒரு மூட்டை அரிசிக்குக் காசு வாங்க மாட்டார், எண்ணெய்க்கு வாங்கிவிடுவார். கோழியைக் கம்பத்து மலாய்க்காரரிடம் அறுத்து வாங்குவோம், அப்போதுதான் அந்தப் பக்கத்துக் குடும்பங்களும் வந்து உட்கார்ந்து சாப்பிடும். மாட்டிறைச்சி கிடையவே கிடையாது. இதையெல்லாம் யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானிக்கவில்லை. பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்தவர்களுக்கு அது தெரியும்.

என் இடம் வடைக்கடை. ஒரு கிலோ கடலைப்பருப்பை ஊறவைத்து ஒன்றிரண்டாக அரைத்தால் நாற்பது வடைக்குக் குறையாது. வெங்காயத்தை அள்ளிப் போட்டால் இன்னும் ஐந்து ஏறும். கடை முன்னால் மூடியில் கீறல் போட்ட மைலோ டின் இருக்கும். கூப்பனை வாங்கியவுடன் பாதியாகக் கிழித்து டின்னில் போட வேண்டும். கிழிக்காமல் போட்டால் அதே கூப்பன் மத்தியானத்துக்குள் மறுபடி வந்து நிற்கும். பத்து வயதுப் பையன்களுக்கு அந்த வித்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பதினொரு மணிக்கு மேனேஜர் வருவார். பீங்கான் தட்டில் டிஷ்யூ போட்டு இரண்டு வடை வைப்போம். ஒன்றைக் கடித்து "குட், குட்" என்று சொல்லி உறையைக் கொடுத்துவிட்டுப் போவார். உறையில் உள்ளதைத் தலைமையாசிரியர் ஒலிபெருக்கியில் சொல்வார்.

அந்த உறையைப் பற்றி எனக்கு எப்போதும் ஒரு கணக்கு உண்டு. மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் தாய் ஒருத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். பருப்பும் எண்ணெயும் அவள் வீட்டிலிருந்து வந்தவை. விடியுமுன் எழுந்து பொரித்தது அவள் கை. அன்றைக்கு ஓவர்டைமும் போயிற்று. பிறகு முந்தானையில் முடிந்த கூப்பனை எடுத்துத் தான் பொரித்த வடையைத் தன் பிள்ளைக்குத் தானே விலைக்கு வாங்கினாள். ஒரே கூரைக்கு மூன்று முறை காசு கொடுத்தவள் பெயர் ஒலிபெருக்கியில் வராது. ஆளுக்கு ஐந்து வெள்ளி என்று நேராக வசூலித்தால் இந்தச் சிரமம் இல்லையே என்று ஒரு கூட்டத்தில் கேட்டேன். பின்னால் உட்கார்ந்திருந்த ஓர் அக்கா சொன்னது: "அஞ்சு வெள்ளி கேட்டா அது கடன் மாதிரி இருக்கும் தங்கச்சி. வடைய வித்தா அது நாங்க செஞ்சது." அதற்கு மேல் நான் பேசவில்லை.

கள்ளுக்கடைக்கும் கேண்டீன் தினத்துக்கும் வித்தியாசம் அதுதான். இரண்டிலும் காசு நம்முடையது. ஆனால் கேண்டீன் தினத்தில் எவ்வளவு வந்தது, எதற்குப் போனது என்று பொதுக்கூட்டத்தில் நின்று வாசிக்க வேண்டும். தகரம் இத்தனை, ஆணி இத்தனை, கூலி இத்தனை. கணக்கில் கை நீட்டியவர்கள் சில இடங்களில் உண்டு. இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அங்கேயும் எழுந்து கேட்க ஒருவருக்கு உரிமை இருந்தது. கள்ளு நிதியில் அது கிடையாது.

சீனர் பள்ளிகள் இதை வேறு அளவில் செய்கின்றன. அங்கே விற்பது வடை கிடையாது, மேசை. பத்துப் பேர் உட்காரும் விருந்து மேசையை வியாபாரிகள் மொத்தமாக வாங்குவார்கள், மேடையில் பாட்டு நடக்கும். பீர் நிறுவனங்களும் இதில் இறங்கின. கார்ல்ஸ்பெர்க் 'டாப் டென்' அறநிதி நிகழ்ச்சி 1987-இல் தொடங்கியது. டைகர் பீரின் கல்விநிதிக் கலைநிகழ்ச்சி 1994-இல். கோடிக்கணக்கான வெள்ளி சீனர் பள்ளிக் கட்டடங்களுக்குப் போயிருக்கிறது. 2024 ஜூலையில் சிலாங்கூரில் ஒரு சீனத் தொடக்கப் பள்ளிக்கான நிகழ்ச்சியில் பீர் பெயர் பொறித்த காசோலைப் பலகையோடு மந்திரி ஒருவர் படத்தில் நின்றார். மதுக் காசில் பள்ளி கட்டலாமா என்று நாடே வாதாடி, அமைச்சரவை வரை போனது. பத்திரிகையில் அதைப் படித்தபோது எனக்கு அப்பாயிதான் நினைவுக்கு வந்தது. அந்த வாதத்தை எங்கள் ஜனங்கள் 1941-இலேயே தடியடி வாங்கிக்கொண்டு நடத்தியிருந்தார்கள்.

பழைய முறைகள் வேறு இடங்களில் புதிதாகத் துளிர்க்கின்றன. 2024-இல் வயநாட்டு நிலச்சரிவுக்காகத் திண்டுக்கல்லில் ஓர் உணவகத்தில் மொய் விருந்து வைத்தார்கள். சாப்பிட்டவர்கள் மனம் போல மொய் எழுதினார்கள், பணம் நிவாரணத்துக்குப் போனது. கேரளத்து இளைஞர்கள் 'பிரியாணி சேலஞ்ச்' என்று பொட்டலம் கட்டி வீடு வீடாக விற்றார்கள். திருப்பிச் செய்ய வேண்டிய மொய், திருப்பிக் கேட்காத மொய்யாக மாறியிருக்கிறது. இது நல்ல மாற்றம்.

ரந்தாவ் பக்கம் தோட்டங்கள் குறைந்துவிட்டன. செண்டாயான் பக்கம் கித்தா நின்ற மேடுகளில் புதிய வீடமைப்புகள் எழுந்திருக்கின்றன. செம்பனைக்கு வங்காளதேசத்து, இந்தோனேசியத் தொழிலாளர்கள் வருகிறார்கள். லின்சம், கொம்போக் போன்ற பெயர்கள் தமிழ்ப்பள்ளிப் பலகைகளில் நிற்கின்றன. பிள்ளைகள் வேனிலும் காரிலும் வருகிறார்கள். கேண்டீன் தினமும் நடக்கிறது. பாக்கெட் போட்ட பொருள் கூடியிருக்கிறது, கூப்பனுக்குப் பதில் கியூஆர் குறியீட்டை ஒட்டுகிறார்கள். வடை மட்டும் இன்னும் வீட்டு மாவுதான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ரப்பர் நிறுவனங்களில் பெரியதான ஹாரிசன்ஸ் அண்ட் குரோஸ்ஃபீல்டின் பழைய ஆவணங்கள் லண்டன் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. யாரும் போய்ப் பார்க்கலாம். கோயில் சந்தா நோட்டு, மொய் நோட்டு, கேண்டீன் தினக் கணக்குப் புத்தகம், கூப்பன் அடிக்கட்டை என்று நம்முடையவை லயம் இடிக்கும்போது மண்ணோடு போயின, அல்லது தீபாவளிக்கு வீடு கழுவும்போது பழைய பேப்பர்காரருக்குப் போயின. உங்கள் வீட்டு அலமாரியில் அப்படி ஒன்று கிடந்தால் எறியாதீர்கள். பக்கம் பக்கமாகக் கைப்பேசியில் படம் எடுத்து, பள்ளி நூலகத்தில் ஒரு பிரதி கொடுங்கள். தோட்டத்தின் பெயரையும் வருஷத்தையும் மறக்காமல் எழுதி வையுங்கள்.